லுக்கரி எழுதிய கிராமம்: பின்லாந்தின் பியெத்தரி பைவரிந்தா

1877-ஆம் ஆண்டு பின்லாந்தில் ‘எலாமானி’ என்றொரு நூல் வெளிவந்தது. தமிழில் சொன்னால் ‘என் வாழ்க்கை’. அதை எழுதிய பியெத்தரி பைவரிந்தாவுக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. நாட்டின் வடமேற்கே, காலயோகி ஆற்றங்கரையில் உள்ள ஊலிவியெஸ்கா என்ற ஊரில் பிறந்து, அங்கேயே உழுது, அங்கேயே கிறித்தவக் கோயில் வேலை பார்த்தவர் அவர். பள்ளிக்கூடம் போகாதவர், எழுதுவதற்குத் தாமாகவே கற்றுக்கொண்டவர். பின்லாந்தின் கிராம வாழ்க்கையை அந்த வாழ்க்கைக்குள்ளிருந்தே, அதன் சொந்த மொழியில், கதையாக எழுதி நாடு முழுவதும் படிக்கப்பட்ட முதல் சிலரில் அவர் ஒருவர். அவரைப் போன்றோரைக் குறிக்கப் பின்லாந்தின் மொழியான பின்னிய மொழியில் ‘மக்கள் எழுத்தாளர்’ என்ற பொருள்தரும் சொல்லே வழக்கிலுள்ளது.

அவரைச் சிலர் போதகர் என்று எண்ணிக்கொள்வதுண்டு. அவர் போதகர் அல்லர்; ‘லுக்கரி’, அதாவது லுத்தரன் என்ற சீர்திருத்தக் கிறித்தவப் பிரிவின் கோயிலில் சபைப் பாடகர். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அவர் எழுத்தின் பலமும் பலவீனமும் இந்தப் பதவியிலிருந்தே பிறந்தன என்பது என் எண்ணம். ஆகவே அந்தப் பதவி என்னவென்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

போதகர் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வீட்டில் சுவீடிய மொழி பேசுபவர், குருமனையில் குடியிருப்பவர், ஊரில் அரசாங்கத்தின் முகமும் அவர்தான். லுக்கரியோ ஊர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை ஞானப்பாட்டுகளை எடுத்துக்கொடுப்பதும் அடக்க ஆராதனையில் பாடுவதும் அவர் பொறுப்பு. பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பல சபைகளில் அவர் தலையில்தான் விழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்தும் வேலைகூட லுக்கரிமாரிடம் வந்து சேர்ந்தது. குழந்தை பிறந்த குடிசைக்கும் பிணம் கிடத்தப்பட்ட குடிசைக்கும் போகிறவர், அங்கே அவர்களோடு உட்காரக்கூடியவர், அதே நாளில் குருமனையின் வாசலிலும் நின்று பேசக்கூடியவர் என்று ஊரில் யாராவது இருந்தால், அவர் லுக்கரிதான்.

இலக்கியத்தில் லுக்கரிக்கு அதுவரை நல்ல பெயர் கிடையாது. அலெக்சிஸ் கிவி 1870-இல் எழுதிய ‘ஏழு சகோதரர்கள்’ நாவலில், யுகோலாப் பண்ணையின் முரட்டுப் பிள்ளைகள் எழுத்துப் படிக்க லுக்கரி வீட்டுக்குத்தான் போகிறார்கள். அவர் அவர்களை அதட்டுகிறார், மூலையில் நிறுத்துகிறார், மூத்தவன் யுஹானியின் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறார். கடைசியில் சகோதரர்கள் சன்னலை உடைத்துக்கொண்டு காட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, சன்னலுக்கு உள்ளே நின்ற அந்த மனிதரின் பக்கத்திலிருந்து ஒருவர் எழுத வந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு நெகிழ்ச்சி உண்டாகிறது.

சகோதரர்கள் ஏன் எழுத்துப் படித்தாக வேண்டியிருந்தது என்பதற்கு விடை 1686-ஆம் ஆண்டின் சபைச் சட்டத்தில் இருக்கிறது. பின்லாந்து அப்போது சுவீடனின் ஒரு பகுதி. வேதவசனத்தை ஒவ்வொருவரும் தாமே வாசித்தறிய வேண்டும் என்ற லுத்தரன் கொள்கை அச்சட்டத்தில் கட்டாயமாயிற்று. ஞானோபதேசம் என்ற வினாவிடைச் சமயப் பாடம் தெரியாதவருக்குத் திடப்படுத்தல் என்ற சபை ஏற்புச் சடங்கு இல்லை, திடப்படுத்தல் ஆகாதவருக்கு இராப்போஜனம் என்ற திருவிருந்து இல்லை, கல்யாணமும் இல்லை. ஆண்டுக்கொரு முறை ஊர்ஊராக வாசிப்புத் தேர்வு நடந்தது. அதற்குக் ‘கின்கெரி’ என்று பெயர். ஏதாவதொரு பண்ணைவீட்டின் பெரிய கூடத்தில் சுற்றுவட்டக் குடும்பங்கள் எல்லாம் கூடும். போதகர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். எழுபது வயதுக் கிழவியும் ஏழு வயதுச் சிறுவனும் முறைவைத்து எழுந்து நின்று வாசிப்பார்கள். நன்றாக வாசித்தாரா, திக்கினாரா, ஞானோபதேசம் எவ்வளவு மனப்பாடம் என்பதெல்லாம் சபையின் இராப்போஜனப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே சிறுசிறு கோடுகளாகவும் புள்ளிகளாகவும் குறிக்கப்படும். தேர்வு முடிந்தபின் பண்ணைவீட்டுக்காரர் எல்லாருக்கும் சாப்பாடு போடுவார். பயமும் விருந்தும் சேர்ந்த நாள் அது.

ஆனால் சபை கேட்டது வாசிப்பை மட்டும்தான். எழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. உழவனுக்கு எழுதத் தெரிந்தால் கள்ளக் கையெழுத்துப் போடுவான் என்ற அச்சமும் மேலோரிடம் இருந்தது. இதன் விளைவை 1880-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் காணலாம்: பத்து வயதுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் வாசித்தார்கள், எழுதவும் தெரிந்தவர்கள் ஏறத்தாழ எட்டில் ஒருவர்தான். ஒரு நாடு முழுவதும் வாசகர்கள், ஆனால் அவர்களில் கிட்டத்தட்ட எவரும் எழுதுவதில்லை என்ற இந்த விசித்திரமான நிலையைச் சபையே இரு நூற்றாண்டுகளாக உண்டாக்கி வைத்திருந்தது. கிராமத்தான் எழுதிய கதைக்கு வாசகர்கள் முன்கூட்டியே காத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். தன் கையால் பேனா பிடிக்கும் ஒருவன் வர வேண்டியதுதான் பாக்கி.

அவன் எந்த மொழியில் எழுதுவான் என்பது அடுத்த சிக்கல். 1809-இல் பின்லாந்து சுவீடனின் கையிலிருந்து ரஷ்யப் பேரரசின் கைக்கு மாறித் தன்னாட்சியுள்ள பெருங்கோமகப் பகுதியான பிறகும், நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் கல்லூரியிலும் சுவீடிய மொழியே இருந்தது. மக்களில் மிகப் பெரும்பாலோர் பேசியது பின்னிய மொழி. ஆனால் அதில் அச்சானவை பெரும்பாலும் வேதாகமம், ஞானப்பாட்டுப் புத்தகம், ஞானோபதேசம், பஞ்சாங்கம் என்ற அளவில்தான். எலியாஸ் லென்ரோத் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி 1835-இலும், விரிவாக்கி 1849-இலும் வெளியிட்ட ‘கலேவலா’ இந்நிலையை அசைத்தது. ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம் பின்லாந்தில் வாழ்ந்து அதைத் தமிழாக்கியிருப்பதால் நம்மில் பலருக்கு அக்காவியம் அறிமுகமானதே. 1863-இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர், இருபது ஆண்டுகளுக்குள் பின்னிய மொழிக்கு அலுவலகங்களில் சமநிலை தரவேண்டும் என்ற ஆணையில் கையெழுத்திட்டார். எனினும் ‘ஏழு சகோதரர்கள்’ வந்தபோது, மொழிப் பேராசிரியர் ஆகுஸ்த் ஆல்க்விஸ்த் அதைப் பின்னிய இலக்கியத்துக்கே ஒரு கறை என்று எழுதினார். பின்னிய உழவர்கள் இப்படி இருக்கமாட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். கிவி 1872-இன் கடைசி நாளில், முப்பத்தெட்டு வயதில், வறுமையிலும் மனநோயிலும் இறந்துபோனார். உழவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை உழவர் ஒருவரே எழுதும் நாள் அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து வந்தது.

பைவரிந்தா பிறந்தது 1827 செப்டம்பரில். மிக ஏழையான, பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தில். 1830-களின் விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் சிறுவனாயிருந்த அவர் வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். பிறகு பண்ணையாளாக உழைத்தார், நிலம் திருத்திக் குடியேறினார், சபைப் பாடகரானார். இந்தக் கடைசிப் படிக்கு எழுத்தும் பாட்டும் தேவைப்பட்டன. இரண்டையும் அவர் தம் முயற்சியால் அடைந்தார்.

அவர் வளர்ந்த ஊரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1828 முதல் ஊலிவியெஸ்காவில் துணைப் போதகராயிருந்தவர் யோனாஸ் லாகுஸ். ‘விழிப்பு’ என்று பெயர்பெற்ற பக்தி இயக்கத்தின் பெரும் தலைவர்களில் ஒருவர் அவர். கோயிலுக்கு வெளியே, பண்ணைவீட்டுக் கூடங்களில், உழவர்களும் வேலைக்காரிகளும் போதகரும் ஒன்றாக உட்கார்ந்து பாடுவதும், வாசிப்பதும், தங்கள் ஆத்துமாவின் நிலையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அந்த இயக்கத்தின் வழக்கம். போதகரின் கண்காணிப்பு இல்லாத பக்திக் கூட்டங்களை 1726-ஆம் ஆண்டின் அரசாணை தடைசெய்திருந்தது. அதன்படி 1838-39-இல் காலயோகியில் பெரிய வழக்கு நடந்து, லாகுஸ் உள்ளிட்ட போதகர்களும் ஏராளமான உழவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். பைவரிந்தாவுக்கு அப்போது பதினொரு வயது. தன் வாழ்க்கையை ‘நான்’ என்று தொடங்கிப் பலர் முன்னிலையில் சொல்வதற்கு ஓர் ஏழை உழவனுக்கும் உரிமை உண்டு, அவ்வாறு சொல்வதைக் கேட்கப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்பதை அந்தக் காலயோகிப் பள்ளத்தாக்குதான் அவருக்குக் காட்டியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ‘என் வாழ்க்கை’ என்ற தலைப்பின் துணிச்சல் வேறெங்கிருந்தும் வந்திருக்க வாய்ப்புக் குறைவு.

இனி அவர் எழுத்தின் நடுவில் நிற்கும் பஞ்சத்துக்கு வருவோம். 1867-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹெல்சிங்கியின் சராசரி வெப்பநிலை 1.8 டிகிரி, இயல்பைவிட ஏறத்தாழ எட்டு டிகிரி குறைவு. ஏரிகளில் பனிக்கட்டி ஜூன் வரை கிடந்த இடங்கள் உண்டு. விதைப்பு தள்ளிப்போயிற்று. கோடை ஓரளவு கைகொடுத்தது. பயிர் பால் பிடித்து நின்றது. செப்டம்பர் முதல் வாரத்து இரவுகளில் உறைபனி விழுந்தது. ‘ஹல்லா’ என்ற அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டால் வடபுலத்துப் பின்னியக் கிழவர்களுக்கு வயிறு கலங்கும் என்பார்கள்: காற்றில்லாத, தெளிந்த, அழகான இரவு, விடியும்போது வயல் முழுவதும் வெளுத்து, கதிரைத் தொட்டால் உள்ளே ஒன்றுமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ரொட்டி எப்படிச் சுடப்பட்டது என்பதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். பைன் மரத்தின் வெளிப்பட்டையைச் சீவி எறிந்துவிட்டு, அதற்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வெள்ளைச் சவ்வை உரித்தெடுப்பார்கள். மரத்தில் சாறு ஏறும் முன்கோடையில்தான் அது எளிதாக உரியும். அதை உலர்த்தி, கசப்புப் போக நெருப்பில் வாட்டி, இடித்து, அரைத்து, கையிலிருக்கும் ரை என்ற தானியத்தின் மாவு எவ்வளவோ அவ்வளவுடன் கலந்து பிசைவார்கள். பிசைந்த மாவு ஒட்டாது, ரொட்டி உதிரும். ‘பெத்து’ என்ற அந்த மரப்பட்டை ரொட்டி வயிற்றை நிரப்பும், வலிக்கச் செய்யும், உடம்பில் சதை பிடிக்க உதவாது. பஞ்சம் என்பது தெரிந்தது செப்டம்பரில். பட்டை நன்றாக உரியும் காலமோ கடந்துபோயிருந்தது. அதனால் வைக்கோலும் பாசியும் மாவில் சேர்ந்தன. பாறைப்பாசியை ஊறவைத்து மாவாக்கும் முறையை அரசே அறிவித்துப் பரப்பியது. கருவூலத் தலைவராயிருந்த ஸ்னெல்மன் பிராங்க்பர்ட்டின் ராத்ஸ்சைல்டு வங்கியில் கடன் வாங்கித் தானியம் தருவிக்க முயன்றார், குளிர்காலம் முந்திக்கொண்டது. உணவு தேடி ஆயிரக்கணக்கானோர் சாலையில் இறங்கினார்கள். அவர்களோடு டைபஸ் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வீட்டுக்கு வீடு நடந்தன. 1868-ஆம் ஆண்டில் மட்டும் 1,37,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 18 இலட்சம்.

அந்தச் சாவுகள் ஒரு சபைக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஹெல்சிங்கியில் அவை எண்கள். பதிவேட்டில் பெயர்கள். அடக்க நிலத்தில் நின்று பாட வேண்டியவருக்கோ, சென்ற குளிர்காலத்தில் தம் முன்னால் எழுத்துக்கூட்டிய பிள்ளைகள்.

மரப்பட்டை ரொட்டி அதற்கு முன்பே பின்லாந்தின் இலக்கியத்தில் இடம்பெற்றிருந்தது. யோஹன் லூத்விக் ரூனெபெரி 1830-இல் சுவீடிய மொழியில் எழுதிய கவிதை ஒன்றில் சாரியார்வி ஊரின் பாவோ என்ற உழவன் வருகிறான். அவன் பயிரை வெள்ளமும், ஆலங்கட்டியும், உறைபனியும் அடுத்தடுத்து அழிக்கின்றன. ஒவ்வொரு முறையும் ரொட்டியில் பட்டையைக் கூட்டச் சொல்லி மனைவியிடம் கூறிவிட்டு மறுபடியும் உழப்போகிறான். கடைசியில் நல்ல விளைச்சல் கிடைக்கிறது. மனைவி இனிமேல் கலப்பில்லாத ரொட்டி என்று மகிழும்போது, பக்கத்து வயல் உறைபனியில் போய்விட்டது, நம் ரொட்டியில் பாதி பட்டை கல என்கிறான். ரூனெபெரி போதகராக அபிஷேகம் பெற்றவர். சாரியார்வியில் வீட்டாசிரியராயிருந்தபோது அந்த நாட்டுப்புறத்தைக் கண்டவர். அந்தக் கவிதை உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பாவோ அங்கே ஒரு சிலை. அவனுக்கு வயிறு வலிப்பதில்லை. அவன் மனைவி ஒருநாளும் அவனைத் திட்டுவதில்லை.

பைவரிந்தா 1880-க்கும் 1889-க்கும் இடையில் ‘வாழ்க்கைக் கவனிப்புகள்’ என்ற பொதுத் தலைப்பில் கதைகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவற்றின் மாந்தர் நிலமற்ற குடிசைவாசிகள், காடு திருத்திக் குடியேறியவர்கள், பண்ணையாட்கள், பிச்சைக்காரர்கள். கதைத் தலைப்புகளில் ஒன்று ‘இல்லாமையின் மத்தி’ என்று பொருள்படும்; மத்தி என்பது ஓர் ஆணின் பெயர். ஒருவனை இல்லாமையின் பெயரால் அழைக்கும் ஊரின் வாய்ச்சொல் அது. அச்சில் ஏறியதும் ஒரு மனிதனின் முழு வரலாறாகிவிடுகிறது. அவருடைய சொந்த மாவட்டமான ஒஸ்த்ரோபொத்னியாவில் பல கோயில் வாசல்களில் மரத்தால் செதுக்கிய ஏழையின் உருவம் ஒன்று நிற்கும். நெஞ்சிலே காசு போடும் துளை இருக்கும். கோயிலுக்குள் நுழைகிறவர் அதைக் கடந்துதான் போக வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட அத்தகைய உருவங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அநாதைகளையும் ஆதரவற்ற முதியோரையும் மிகக் குறைந்த தொகைக்கு வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் வீட்டுக்கு ஏலத்தில் விடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. அந்த மர ஏழைக்கும், ஏலத்தில் போன ஏழைக்கும் பேச்சு வந்தால் எப்படியிருக்குமோ, அப்படிப்பட்ட குரல்கள் அவர் கதைகளில் கேட்கின்றன.

அவருடைய குறைகளை மறைக்க வேண்டியதில்லை. கதை நடுவே நின்று உபதேசம் செய்வார். குடிகாரன் கெடுவான், பொறுத்தவள் ஆறுதல் அடைவாள் என்பது பல கதைகளில் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கண்ணீர் மிகுதி. 1880-களில் மின்னா கந்த், யுஹானி ஆஹோ போன்ற யதார்த்தவாதிகள் எழுந்தபோது, அவர் நடை பழையதாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் உபதேசத்தைக் கழித்துவிட்டு விவரங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வாசகரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அவர் படித்த உரைநடை பெரும்பாலும் வேதாகமமும் பிரசங்கமும்தான். ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கை கவனித்து எழுதத்தக்கது, அதற்குப் பொருள் உண்டு, அதன் கணக்கு எங்கோ குறிக்கப்படுகிறது என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுத்ததும் அவைதான். குடிசையின் அடுப்பையும் பாலில்லாத பசுவையும் அவ்வளவு பொறுமையாக எழுத வைத்தது எந்த நம்பிக்கையோ, அதே நம்பிக்கைதான் அவரைப் பிரசங்கமும் செய்ய வைத்தது.

அடுத்த தலைமுறையிலும் கிராமக் கதைக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு அறுபடவில்லை. யுஹானி ஆஹோ ஈசல்மி வட்டாரத்தின் குருமனையில் வளர்ந்தவர். விழிப்பியக்கப் போதகர் ஒருவரின் மகன். அவருடைய ‘இரயில்பாதை’ என்ற 1884-ஆம் ஆண்டுக் குறுநாவலில், காட்டுக்குள் வாழும் மத்தி இரயில் என்ற ஒன்று இருப்பதையே குருமனைக்குப் போகும்போதுதான் கேள்விப்படுகிறான். ‘போதகரின் மகள்’, ‘போதகரின் மனைவி’ என்ற அவருடைய இரு நாவல்களும் குருமனைச் சுவருக்குள் மூச்சுத்திணறும் ஒரே பெண்ணைத் தொடர்கின்றன. ஆஹோ வளர்ந்த குருமனையில் வேலைக்காரப் பையனாயிருந்த ஹெய்க்கி கௌப்பினனுக்கு வீட்டுப் பிள்ளைகளே படிப்பில் துணைநின்றார்கள். அவர் ஆசிரியராகி, கௌப்பிஸ்-ஹெய்க்கி என்ற பெயரில் சாவோப் பகுதி உழவர்களைப் பற்றி, பைவரிந்தாவின் கண்ணீர் இல்லாமல், அமைதியாகவும் நுட்பமாகவும் எழுதினார். 20-ஆம் நூற்றாண்டில் லாப்லாந்தில் ஊழியம் செய்த ஆர்வி யார்வென்தௌஸ் போன்ற அபிஷேகம் பெற்ற போதகர்களே நாவலாசிரியர்களாக வந்தார்கள். கலைத்திறனில் கௌப்பிஸ்-ஹெய்க்கியைப் பைவரிந்தாவுக்கு மேலே வைப்பேன். ஆனால் குருமனைப் பிள்ளைகளின் துணை எதுவும் இல்லாமல் முதலில் நடந்து வந்தவர் பைவரிந்தாதான்.

1882-இல் அவர் உழவர் சபையின் உறுப்பினராக நாட்டின் பேரவைக்குப் போனார். பிரபுக்கள், போதகர்கள், நகரத்தார், உழவர் என்று நான்கு சபைகளாக அப்பேரவை பிரிந்திருந்தது. ஆயுள் முழுவதும் கோயிலில் பாடியவர் உட்கார்ந்தது உழவர்களோடு. 1886-இல் ஊலிவியெஸ்கா வழியாக ஓலு நகருக்கு இரயில் ஓடத் தொடங்கியது. அவர் கதைகள் ஜெர்மன் உள்ளிட்ட பிற மொழிகளுக்குப் போயின.

1893-இல், அறுபத்தாறாம் வயதில், அவர் மீண்டும் பஞ்சத்திடம் திரும்பினார். ‘1867-ஆம் ஆண்டுப் பயிரழிவும் அதன் விளைவுகளும்: விரைவுச் சித்திரங்கள்’ என்பது அந்நூலின் தலைப்பு. அழிவு நடந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. பஞ்சத்தில் பிறந்து பிழைத்த பிள்ளைகள் அப்போது சொந்த வயலில் விதைக்கும் வயதினர். புதிய தலைமுறைக்கு அது தாத்தா பாட்டி கதையாக மங்கிக்கொண்டிருந்தது. அவரோ அந்தத் தலைப்பில் பாவோவையும் வைக்கவில்லை, பொறுமையையும் வைக்கவில்லை. பதிவேட்டில் எழுதுவதுபோல் ஆண்டைக் குறித்து, அதற்குப் பக்கத்தில் என்ன அழிந்தது என்பதை எழுதினார். அதன் பிறகும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1913 ஜூலையில், பிறந்த ஊரிலேயே இறந்தார்.